பத்தாம் வகுப்பு மாணவர்களை உடற்கூறியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வது எப்படி? மலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரி வட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு மாணவர்களை ஒரு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். முதல் முறை, அருங்காட்சியகத்தின் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு பதினெட்டுப் பிள்ளைகளோடு திரும்பி வந்தேன். இரண்டாம் முறை உள்ளே இருந்தது இரண்டு மணி நேரம். அதற்காக அலைந்தது ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தை உங்களுக்கு மூன்று வாரமாகக் குறைத்துத் தர முடியும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். நாங்கள் சென்ற கல்லூரிகளின் பெயரைக் குறிப்பிடவில்லை. நடந்த குளறுபடியில் பாதி என்னுடையது.

1. எந்த வகுப்பை அழைத்துச் செல்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலரும் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவர்களைத்தான் நினைப்பார்கள். என் கருத்தில் அது காலம் கடந்த ஏற்பாடு. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்பதைப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிவு வந்த ஒரு வாரத்தில், பெரும்பாலும் தோழன் எடுத்த பிரிவைப் பார்த்தோ பேருந்து வசதியைப் பார்த்தோ தீர்மானித்துவிடுகிறார்கள். பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் பிளஸ் டூவில் தேவை என்பதை, வணிகவியல் எடுத்து ஓராண்டு ஆன பிறகு தெரிந்துகொண்ட மாணவியர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆகவே பத்தாம் வகுப்புதான் சரியான இடம். சுற்றோட்ட மண்டலமும் நரம்பு மண்டலமும் அந்த ஆண்டின் பாடத்திலேயே வருவதால், பாடத்திட்டத்துக்கு வெளியே போகிறீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு வாகனத்தில் அடங்கும் எண்ணிக்கைக்கு மேல் போகாதீர்கள். அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைச் சுற்றி ஆறு பேர் நின்றால் பார்க்கலாம்; பத்துப் பேர் நின்றால் தள்ளுமுள்ளுதான் நடக்கும்.

2. எங்கே போவது, எதைப் பார்க்கக் கேட்பது

நீலகிரிக்கு உதகமண்டலத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கீழே இறங்கினால் கோவையில் அரசுக் கல்லூரியும் தனியார் கல்லூரிகளும் உள்ளன. பழனி மலைப் பக்கம், கொடைக்கானல் பள்ளிகளுக்குத் திண்டுக்கல், தேனி, மதுரை ஆகிய மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

இடத்தை விடவும் முக்கியமானது, கடிதத்தில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது. நான் முதல் கடிதத்தில் 'உடற்கூறியல் ஆய்வகத்தைப் பார்வையிட அனுமதி வேண்டும்' என்று எழுதினேன். அவர்கள் அதை உடல் அறுத்துப் பயிலும் கூடம் என்று எடுத்துக்கொண்டு, பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று பதில் அனுப்பினார்கள். அது நியாயமான பதில். உடல்கள் மேசையில் கிடத்தப்பட்டிருக்கும் அந்தக் கூடம் மருத்துவ மாணவர்களுக்கானது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது 'உடற்கூறியல் துறை அருங்காட்சியகம்'. அங்கே எலும்புக்கூடுகள், மாதிரிகள், குடுவைகளில் பதப்படுத்திய உறுப்புகள், கரு வளர்ச்சியின் படிநிலைகள் ஆகியவை இருக்கும்.

இன்னொரு கண்ணியும் இங்கே உண்டு. உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இருப்பவை பெரும்பாலும் இயல்பான உறுப்புகள். நோயுற்ற உறுப்புகள், அதாவது கல்போல இறுகிய கல்லீரல், புற்று வைத்த வாய், அடைப்பு விழுந்த இரத்தக்குழாய் போன்றவை, நோய்க்குறியியல் துறையின் அருங்காட்சியகத்தில்தான் இருக்கும். அது வேறு துறை, வேறு தலைவர், வேறு சாவி. உடல்நலப் பாடம் நடத்துவது உங்கள் நோக்கம் என்றால் இரண்டுக்கும் ஒரே கடிதத்தில் அனுமதி கேளுங்கள். தடய மருத்துவத் துறைக்கும் ஓர் அருங்காட்சியகம் இருக்கும். யாராவது அன்போடு அதையும் காட்ட முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். தற்கொலை, விபத்து, கொலை தொடர்பானவை அங்கே இருக்கும்.

3. கடிதங்கள்

இந்தப் பகுதியில்தான் என் ஏழு வாரங்களில் ஐந்து போயின.

முதலில் நான் துறைத் தலைவருக்கு நேரடியாக எழுதினேன். அவர் நல்லவர், தொலைபேசியில், 'தாராளமா வாங்க சார்' என்றார். ஆனால் அரசு மருத்துவக் கல்லூரியில் வெளியாரை உள்ளே விடும் அதிகாரம் டீனுக்குத்தான், அதாவது கல்லூரியின் தலைவருக்குத்தான், உண்டு. கடிதம் டீன் பெயருக்கு இருக்க வேண்டும். உடற்கூறியல் துறைத் தலைவருக்கும் நோய்க்குறியியல் துறைத் தலைவருக்கும் நகல் குறிப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் தலைமை ஆசிரியர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று உரிய வழியாகப் போய், மாணவர்களை வெளியே அழைத்துச் செல்ல அனுமதிக்கும் 'செயல்முறைகள்' என்ற எழுத்து ஆணை கையில் வந்த பிறகுதான் கல்லூரி தேதி தந்தது. இந்த இரண்டு அனுமதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்காமல் ஒரே நாளில் இரண்டு பக்கமும் விண்ணப்பித்து, ஒவ்வொன்றிலும் 'மற்ற அனுமதி கோரப்பட்டுள்ளது' என்று ஒரு வரி சேர்த்தால் மூன்று வாரம் மிச்சமாகும்.

கடிதத்தைத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்தாவது நேரில் போய், அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் உள்வருகை எண்ணும் தேதியும் வாங்குங்கள். முதல் முறை நாங்கள் பூட்டிய கதவைப் பார்த்ததற்குக் காரணம், அனுமதிக் கடிதம் டீன் அலுவலகத்தில் கையொப்பமாகி, துறைக்குப் போகாமல் தபால் பிரிவிலேயே தங்கிவிட்டதுதான். சாவி வைத்திருந்த ஊழியர் அன்று விடுப்பு; அவருக்கு நாங்கள் வருவதே தெரியாது. எனவே போவதற்கு இரண்டு நாள் முன்பு துறை அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, 'அருங்காட்சியகச் சாவி யாரிடம் இருக்கிறது, அன்று அவர் பணியில் இருப்பாரா' என்று நேராகவே கேளுங்கள். கேட்க கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

கடிதத்தோடு இணைக்க வேண்டியவை: மாணவர் பெயர், வகுப்பு, வயது, பாலினம், எமிஸ் எண் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்) கொண்ட பட்டியல், உடன் வரும் ஆசிரியர்களின் பெயரும் கைபேசி எண்ணும் (மாணவியர் ஒருவர் வந்தாலும் ஓர் ஆசிரியை கட்டாயம்), பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தின் நகல், ஒளிப்படம், காணொளி எடுக்க மாட்டோம் என்று தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட உறுதிமொழி. கடைசியாகச் சொன்னதை அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் வைத்துவிட்டால் கல்லூரியின் பாதித் தயக்கம் போய்விடும். அவர்கள் உண்மையில் அஞ்சுவது, குடுவையோடு எடுத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைத்தான்.

4. தேதி

மலையில் தேதி குறிப்பது சமவெளியைப் போல எளிதன்று. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்தால் சாலை இருக்காது. மழை பிடித்தால் ஆட்சியர் காலை ஆறு மணிக்கு விடுமுறை அறிவிப்பார். ஏப்ரல், மே சுற்றுலாக் காலம், பள்ளியும் இருக்காது. கார்த்திகை முதல் நாளிலிருந்து மகரவிளக்கு வரை சபரிமலைக்கு மாலை போட்ட பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களை இந்த இடத்துக்கு அழைப்பது முறையன்று. அழைத்தாலும் வீட்டில் விடமாட்டார்கள். படுகர் ஊர்களில் எத்தையம்மன் பண்டிகையும் மார்கழிக் கடைசியை ஒட்டி வரும்.

இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது இரண்டு இடைவெளிகள்: காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய செப்டம்பர் முதல் பாதி, பொங்கலுக்குப் பிந்தைய இரண்டு வாரம். பத்தாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் ஜனவரிக்குப் பிறகு நெருக்குவதால் நான் செப்டம்பரையே சொல்வேன். மாற்றுத் தேதி ஒன்றையும் கடிதத்திலேயே எழுதுங்கள். மழையால் முதல் தேதி போனால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியிருக்காது.

5. பெற்றோர் ஒப்புதல்

அச்சடித்த படிவத்தில் கையொப்பம் வாங்குவது போதாது. 'கல்விச் சுற்றுலா' என்று மட்டும் எழுதி அனுப்பினால், தாவரவியல் பூங்காவுக்குப் போவதாக நினைத்துக் கையொப்பமிடுவார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து பார்த்ததைச் சொன்ன பிறகு உங்கள் பள்ளி வாசலில் நிற்பார்கள். நாங்கள் பயன்படுத்திய வாசகம் இது:

'மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்தில், பதப்படுத்திக் கண்ணாடிக் குடுவைகளில் வைக்கப்பட்டுள்ள உண்மையான மனித உறுப்புகளை என் மகன் / மகள் பார்வையிடுவார் என்பதை ஆசிரியர் எனக்கு நேரில் விளக்கினார். விரும்பாவிட்டால் எந்த நேரத்திலும் வெளியே வந்துவிடலாம் என்பதையும், வராமல் பள்ளியிலேயே இருந்தாலும் மதிப்பெண்ணில் எந்தக் குறைவும் இல்லை என்பதையும் அறிவேன். ஆஸ்துமா, வலிப்பு, மயக்கம் வரும் பழக்கம் ஆகியவை இருந்தால் கீழே குறிப்பிட்டுள்ளேன்.'

தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்களை மாலை ஐந்தரைக்கு மேல்தான் பார்க்க முடியும். எங்கள் பள்ளியில் இரண்டு மாலைகளில் கூட்டம் வைத்தோம். அங்கே வந்த கேள்விகள் மருத்துவம் சார்ந்தவையாக இல்லை. 'வந்ததும் வாசல்லயே தலைக்கு ஊத்திட்டுதான் உள்ள விடணுமா டீச்சர்?' என்று ஓர் அம்மா என்னுடன் இருந்த ஆசிரியையிடம் கேட்டார். 'உங்க வீட்டு வழக்கப்படி செய்யுங்கம்மா, வெந்நீர் மட்டும் போட்டு வைங்க, செப்டம்பர் குளிரு' என்று அவர் சொன்ன பதிலுக்குக் கூட்டமே சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. அந்த நம்பிக்கையை மூட நம்பிக்கை என்று விளக்கப் புறப்பட்டால் ஒப்புதலும் கிடைக்காது, மரியாதையும் மிஞ்சாது.

கடந்த ஓர் ஆண்டுக்குள் வீட்டில் சாவு நடந்த பிள்ளைகள் யார் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு, அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். எங்கள் பட்டியலில் அப்படி இருவர் இருந்தனர். ஒரு பெண் வருவதாகச் சொன்னாள், வந்தாள். ஒரு பையன் 'அடுத்த வருஷம் பாக்குறேன் சார்' என்றான். காரணம் கேட்காமல் பெயரை நீக்கினேன்.

6. வாகனமும் செலவும்

இருபத்தோர் இருக்கை வேன் ஒன்றில் பதினெட்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு பெற்றோர். எங்களுக்கு ஆன செலவு இது. வேன் வாடகை, ஓட்டுநர் படி உட்பட 5,500 ரூபாய். பொதிந்து எடுத்துச் சென்ற எலுமிச்சைச் சோறு, முட்டை, வாழைப்பழம் 1,150. நகல் எடுத்த வகையில் 180. முகக்கவசம் 120. முன்தயாரிப்புக்கு ஆட்டு இதயம் நான்கு, 360. எலுமிச்சம்பழம், வாந்திப் பைகள், முதலுதவிச் சில்லறை 150. ஆக மொத்தம் 7,460 ரூபாய். அருங்காட்சியகத்தில் கட்டணம் கேட்கவில்லை. முன்னாள் மாணவர்கள் 3,000 தந்தார்கள். மீதியை ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டோம். பிள்ளைகளிடம் வாங்கவில்லை. வாங்கினால், பணம் இல்லாத பிள்ளை 'எனக்குப் பயமா இருக்கு சார்' என்று சொல்லி ஒதுங்கிவிடும். அது பயமா, ஐம்பது ரூபாயா என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

வேனின் பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, பெர்மிட், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களை முன்கூட்டியே வாங்கிக் கோப்பில் வையுங்கள். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டியாக இருந்தால் தொல்லை குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்தோ கோவையிலிருந்தோ வண்டி பிடித்தால், வெளி வண்டிகள் மலைக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் தேவைப்படும். இந்த நடைமுறை 2024 மே முதல் இருக்கிறது, கொடைக்கானலுக்கும் இதே நடைமுறைதான். ஓட்டுநர் எடுத்திருப்பார் என்று நம்பாமல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

7. போவதற்கு முந்தைய வாரம்

இதைத் தவிர்த்துவிட்டுப் போனால் பிள்ளைகள் பார்ப்பது வெறும் குடுவைகள்தான். கசாப்புக் கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்து ஆட்டு இதயம் வாங்குங்கள். சொல்லாமல் போனால் அவர் வழக்கம்போல நெடுக்காகக் கீறி, மேலே உள்ள குழாய்களை வெட்டி எறிந்துவிட்டுத் தருவார். அது குழம்புக்கு ஆகும், பாடத்துக்கு ஆகாது. 'கீறாம, மேல் குழாயோட முழுசா வேணும்' என்று கேளுங்கள்.

கையுறை போட்டு, மேல் அறைகள் இரண்டையும் கத்தரிக்கோலால் வெட்டி நீக்கிவிட்டு, இடது கீழறைக்குள் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, வெளியிலிருந்து மெல்ல அழுத்திக் காட்டுங்கள். உள்ளே தொங்கிக்கொண்டிருந்த மெல்லிய தோல் மடல்கள் நீர் நிரம்பி உப்பி மேலே எழும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து வாயை அடைத்துக்கொள்ளும். வெள்ளை நூல் போன்ற நாண்கள் அவற்றைப் பின்னுக்கு மடங்காமல் இழுத்துப் பிடித்திருக்கும். படத்தில் நான் பல ஆண்டு வரைந்து காட்டிய ஈரிதழ் வால்வு அது. அதைப் பார்த்த பிறகு, 'மாரடைப்புன்னா இந்த வாய் அடைச்சுக்குறதா சார்?' என்று ஒருவன் கேட்டான். இல்லை, இதயத் தசைக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவதுதான் மாரடைப்பு என்று சொல்லி, இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் அந்த மெல்லிய குழாயைக் காட்ட வாய்ப்புக் கிடைத்தது. முடிந்ததும் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவி, மேசையை பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். இறைச்சியைத் தொடாத வீட்டுப் பிள்ளைகளைத் தள்ளி நின்று பார்க்க விடுங்கள்.

அந்த உடல்களும் உறுப்புகளும் எப்படி வந்தன என்று கட்டாயம் கேட்பார்கள். தாமாக முன்வந்து எழுதிக் கொடுத்தவர்களின் உடலைக் குடும்பத்தார் ஒப்படைத்தவை, உரிமை கோர யாரும் இல்லாமல் சட்டப்படி கல்லூரிக்கு வந்தவை என்று இரண்டு வழிகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். உடல் தானம் வேறு, மூளைச் சாவுக்குப் பின் செய்யும் உறுப்பு தானம் வேறு, இறந்து ஆறு மணி நேரத்துக்குள் செய்யும் கண் தானம் வேறு என்பதையும் அப்போதே பிரித்துச் சொல்லிவிடலாம்.

8. அந்த நாள்

வெறும் வயிற்றோடு யாரையும் ஏற்றாதீர்கள். வயிறு நிறையவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டிக்கொண்டு வரும் பிள்ளை, இறங்கியவுடன், உறுப்புகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தின் நெடியை முகர்ந்தால் வாந்தி எடுத்துவிடும். வந்து சேர்ந்ததும் அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கழிப்பறைக்கு அனுப்பிய பிறகு உள்ளே போங்கள். ஃபார்மலின் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். முகக்கவசம் நெடியைத் தடுக்காது, பிள்ளைகளுக்கு ஒரு தைரியத்துக்காகத்தான் நாங்கள் கொடுத்தோம். ஜன்னல்களைத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கட்டும். உடன் வரும் ஆசிரியை கருவுற்றிருந்தால் வேறொருவரை அனுப்புங்கள். கைபேசிகளை வேனிலேயே ஒரு பையில் போட்டுப் பூட்டுங்கள், உங்களுடையது உட்பட.

மயக்கம் சொல்லிக்கொண்டு வராது என்பார்கள். இங்கே சொல்லிக்கொண்டுதான் வரும். கொட்டாவி, உதடு வெளுப்பு, நெற்றியில் வேர்வை ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தப் பிள்ளையைத் தரையில் உட்கார வைத்துவிடுங்கள். மயங்கினால் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடித்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். எங்களுடன் வந்தவர்களில் மயங்கியவர் ஒரே ஒருவர். துணைக்கு வந்த பெற்றோர்.

அருங்காட்சியகத்தில் விளக்குவதைத் துறையைச் சேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள். நான் விடவில்லை; அதனால் குட்டுப்பட்டேன். கறுப்புப் புள்ளிகள் அப்பிய ஒரு நுரையீரலைக் காட்டி, 'பார்த்தீர்களா, புகைபிடித்தால் இப்படித்தான்' என்று நான் ஆரம்பித்தபோது, அருகில் நின்ற உதவிப் பேராசிரியை மெதுவாகக் குறுக்கிட்டார். அந்தக் கறுப்பு, மூச்சோடு உள்ளே போன கரித்துகள். பீடி, சிகரெட் புகையாலும் வரும், நகரத்துக் காற்றாலும் வரும், விறகுப் புகையாலும் வரும். இதைப் பார்த்து மட்டும் இவர் புகைபிடித்தவர் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், 'எங்க பாட்டி பீடியே தொட்டதில்ல, ஆனா நாள் முழுக்க அடுப்படியிலதான் இருப்பாங்க, அவங்களுக்கும் இப்படி இருக்குமா மேம்?' என்று கேட்டாள். இருக்கலாம் என்றார் அவர். குளிருக்கு அடைத்த ஜன்னல், புகைபோக்கி இல்லாத அடுப்பு, இரவெல்லாம் கனலும் கணப்புச் சட்டி என்று அடுத்த கால் மணி நேரம் பேச்சு எங்கள் ஊர் வீடுகளைப் பற்றியே இருந்தது. நான் தயாரித்து வைத்திருந்த புகைபிடித்தல் எதிர்ப்பு உரையைவிட அது பல மடங்கு உருப்படியான பாடம்.

கல்லீரலிடம் இன்னும் கவனமாக இருங்கள். முடிச்சு முடிச்சாக இறுகிய கல்லீரலைக் காட்டி 'குடித்தால் இப்படி ஆகும்' என்று சொல்ல வாய் பரபரக்கும். எதிரே நிற்பவர்களில் நாலைந்து பேரின் தந்தை குடிப்பவராக இருப்பார். அந்தப் பிள்ளைகள் குடுவையைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பார்கள். குடி ஒரு காரணம், மஞ்சள் காமாலைக் கிருமிகளில் பி, சி வகைகள் காரணம், கொழுப்பு படிவதும் காரணம் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லி மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதேபோல அரிவாள் செல் இரத்தசோகை பற்றிப் பேச்சு வந்தால், பழங்குடி மாணவர் யாரையும் சுட்டிப் பார்க்காதீர்கள். மரபு வழியாக வருவது, இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சிகிச்சை உண்டு என்ற மூன்று செய்திகள் எல்லோருக்கும் பொதுவாகப் போகட்டும்.

கரு வளர்ச்சிப் பகுதியைக் கடைசியில் வையுங்கள். மண்டை ஓட்டின் மேற்பகுதி உருவாகாத சிசு ஒன்று பெரும்பாலான அருங்காட்சியகங்களில் இருக்கும். முன்கூட்டியே சொல்லாமல் அதன் முன் நிறுத்துவது கொடுமை. சொல்லிவிட்டு, விரும்பியவர்களை மட்டும் அழைத்துச் சென்றோம். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய், கரு உண்டான நான்கு வாரத்துக்குள், தாய்க்கே தெரியும் முன்பு மூடிக்கொள்கிறது. மேல் பக்கம் மூடாமல் போனால்தான் மண்டை ஓடு இப்படி உருவாகாமல் போகிறது. அது சரியாக மூடிக்கொள்ள ஃபோலிக் அமிலம் உதவுகிறது. பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல மாத்திரையில் இரும்புச் சத்தோடு அதுவும் இருக்கிறது என்று பேராசிரியை சொன்னபோது, எங்கள் மாணவியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மாத்திரைகள் எங்கள் பள்ளி வேலியோரத்தில் எவ்வளவு கிடக்கின்றன என்பது எனக்கும் தெரியும்.

9. தொழில்களைப் பற்றிப் பேச யாரைக் கேட்பது

மருத்துவரை மட்டும் பேசவிட்டால், எல்லோரும் டாக்டர் ஆகலாம் என்று உற்சாகப்படுத்திவிட்டுப் போய்விடுவார். நீட் தேர்வும் அதன் போட்டியும் தெரிந்த பிறகு பிள்ளைகளுக்கு அந்த உற்சாகம் வடிந்துவிடும். கடிதத்திலேயே, ஓர் ஆய்வக நுட்பனர், ஒரு செவிலியர், ஒரு எக்ஸ்ரே பிரிவு ஊழியர் தலா பத்து நிமிடம் பேச உதவுமாறு கேளுங்கள். குடுவைகளைப் பராமரிக்கும் நுட்பனர், தாம் என்ன படித்தார், எப்போது வேலைக்குச் சேர்ந்தார் என்று சொன்னதைத்தான் எங்கள் மாணவர்கள் அதிகம் குறித்துக்கொண்டார்கள்.

நீங்கள் வகுப்பில் சொல்ல வேண்டிய கணக்கு இது: எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும், பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, செவிலியர் பட்டயம் மூன்று ஆண்டு, பி.பார்ம். நான்கு ஆண்டு, டி.பார்ம். இரண்டு ஆண்டு. சேர்க்கை விதிகள் மாறுவதால் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். நீட் எழுத, சேரும் ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

ஆவணங்களில் இரண்டு கண்ணிகள் உள்ளன. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையைக் கடன் வாங்கித் தனியார் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர், அந்த ஒரு கையெழுத்தில் இந்த உரிமையை இழக்கிறார்கள். இதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, சாதிச் சான்றிதழ். மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அளவில் முடிந்துவிடும். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தர வேண்டும், விசாரணைக்கு மாதக் கணக்கில் ஆகலாம். பத்தாம் வகுப்பிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால்தான் பிளஸ் டூ முடியும்போது கையில் இருக்கும். மேல்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களையும் அப்போதே சொல்லலாம்; 'மேல படிக்க வைக்கக் காசு ஏது' என்று சொல்பவர்களிடம் பேச்சைத் தொடர அது உதவும்.

10. திரும்பி வந்த பிறகு

மறுநாள் கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். ஒரு பெட்டியை வைத்து, பெயர் எழுதாத சீட்டில் கேள்விகளைப் போடச் சொல்லுங்கள். எங்களுக்கு முப்பத்தொரு சீட்டுகள் வந்தன. பதினொன்று குடும்பத்தில் உள்ள ஒருவரின் நோயைப் பற்றியவை. பதில் தெரிந்தவற்றுக்கு நான் சொன்னேன். மற்றவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை ஒரு மணி நேரம் பள்ளிக்கு அழைத்தோம்.

கல்லூரிக்கு நன்றிக் கடிதத்தை ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். டீனுக்கு ஒன்று, இரண்டு துறைத் தலைவர்களுக்கும் நகல், சாவியோடு காத்திருந்த ஊழியருக்குப் பெயர் குறிப்பிட்டுத் தனியாக ஒன்று. அனுமதி ஆணையின் ந.க. எண்ணையும் (அலுவலகக் கோப்பு எண்) தேதியையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் 'பார்வை' என்ற இடத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால் கோப்பு நகரும் வேகமே வேறு. விண்ணப்பத்தை ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் வாரமே கொடுத்துவிடுங்கள். செப்டம்பருக்கு அப்போதுதான் இடம் கிடைக்கும்.